ஊர்த்திரையும் உலகத்திரையும்

நுழையும்முன்

ஊர்கூடிக் கண்ட கூத்தும் நாடகமும் அறிவியல் வளர்ச்சியால் திரைப்படமாக உருப்பெற்றன. இன்று அத்திரை உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. கருவி மாறும்போது, கலையை நம்பி வாழ்வோரின் தொழிலும் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொங்கு மண்டலத்தின் திரைவரலாற்று வழியே விளக்குகிறது இப்பாடம்.

இருப்புப்பாதையும் திரைக்கலையும்

சென்னையையும் மேலைக்கடற்கரையின் பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை 1862இல் போத்தனூர் வழியே அமைந்தது. சரக்குகளையும் மக்களையும் சுமந்த தொடர்வண்டி, பின்னாளில் திரைப்படச் சுருள் பெட்டிகளையும் சுமந்தது. கோவையில் பிறந்து தென்னிந்திய இரயில்வேயில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் திருச்சியில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கினார். ஊர் ஊராகச் சென்று, கூடாரம் அமைத்துப் படம் காட்டினார். 1914இல் கோவையில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான திரையரங்கை எழுப்பினார். பின்னர்ச் சென்ட்ரல் ஸ்டுடியோ, பட்சிராஜா ஸ்டுடியோ ஆகியவை தோன்றின. ‘ஹரிதாஸ்’ (1944), ‘மலைக்கள்ளன்’ (1954) முதலிய படங்கள் கோவை மண்ணில் உருவாயின.

பகிர்ந்து வாழ்ந்த தொழில்

தமிழ்நாட்டுத் திரைப்பட வணிகம், கோவை, சேலம், மதுரை எனப் பல ‘ஏரியா’க்களாகப் பிரிந்து இயங்கியது. தயாரிப்பாளரிடம் உரிமை பெறும் விநியோகஸ்தர், தம் பகுதித் திரையரங்குகளுக்குப் படத்தை வழங்குவார். கிடைக்கும் வருவாயில் திரையரங்க உரிமையாளர் முதல் சுவரொட்டி ஒட்டுபவர், மிதிவண்டி நிறுத்தக் காவலர் வரை பலரும் பிழைத்தனர். ஓர் ஊரில் ஓடாத படம் மற்றோர் ஊரில் ஓடி, இழப்பை ஈடுசெய்வதும் உண்டு.

இணையத்தின் வருகை

2016இல் நெட்ஃபிளிக்ஸ், அமேசான் பிரைம் வீடியோ ஆகிய தளங்கள் இந்தியாவில் அடியெடுத்து வைத்தன. கொரோனாப் பெருந்தொற்றால் திரையரங்குகள் மூடப்பட்டிருந்த 2020ஆம் ஆண்டு மே மாதம் ‘பொன்மகள் வந்தாள்’ நேரடியாக இணையத்தில் வெளியானது. திரையரங்க உரிமையாளர்கள் இதனை எதிர்த்தனர். அதே ஆண்டு நவம்பரில் இணையத்தில் வெளியான ‘சூரரைப் போற்று’, பின்னர்ச் சிறந்த திரைப்படத்திற்கான தேசிய விருதைப் பெற்றது. பல ஏரியாக்களில் நடைபெற்ற விற்பனை, ஒரே ஒப்பந்தத்தில் முடியும் காலம் பிறந்தது.

நன்மையும் இழப்பும்

கடல்கடந்து வாழும் தமிழரும் பிறமொழியினரும் ஒரே நாளில் தமிழ்ப் படைப்பைக் காண இயல்வது பெரும்பேறு. ‘சுழல்’ (2022) தொடர் பல உலகமொழிகளில் ஒலித்தது. எனினும், எவர், எங்கே, எவ்வளவு நேரம் பார்த்தனர் என்னும் விவரம் தளத்தின் கையிலேயே தங்குகிறது. தன் படைப்பின் உண்மையான மதிப்பை அறியாதவர் விலைபேசுவது எங்ஙனம்? தென்கொரியாவின் ‘ஸ்குவிட் கேம்’ (2021) உலகப்புகழ் பெற்றபோதும், அதன் உரிமை நெட்ஃபிளிக்ஸ் நிறுவனத்திடமே இருந்தது.

திரையரங்கில் வெளியான படம் எத்தனை வாரங்களுக்குப்பின் இணையத்திற்கு வரலாம் என்பதும் சிக்கலே. நான்கு வார இடைவெளியை ஏற்ற ‘லியோ’ (2023) படத்தின் இந்திப் பதிப்பை, எட்டு வாரம் வேண்டிய வடஇந்தியப் பெருந்திரையரங்குகள் திரையிடவில்லை.

செய்யத்தக்கது

தளங்களைப் புறக்கணிப்பது தீர்வாகாது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் திருத்திய நெறிமுறையின்படி, தளங்களின் படத்தொகுப்பில் ஐரோப்பியப் படைப்புகள் குறைந்தது 30 விழுக்காடு இடம்பெற வேண்டும். சட்டம் இடத்தைப் பெற்றுத்தரலாம்; உரிமையைக் காக்கும் விழிப்பு படைப்பாளரிடமே பிறக்க வேண்டும். முழு உரிமையையும் ஒரே விலைக்கு விற்காமல், குறித்த காலத்திற்கு மட்டும் வழங்கும் ஒப்பந்தங்கள் பெருகுதல் நலம். வண்டி எவருடையதாயினும், அதில் செல்லும் சரக்கு விளைவித்தவருக்கு உரியதாக இருத்தலே அறம்.