மூடியைத் திறக்க முடியாதவர் எத்தனை பேர்?

நம்ம டிராயிங் ஹாலில் ஒரு பொருளை வரையும்போது அளவு, டாலரன்ஸ், மெட்டீரியல் எல்லாம் பார்க்கிறோம். 'இதை எத்தனை பேரால் பயன்படுத்த முடியாது?' என்று கேட்டதுண்டா? அதற்கும் கணக்கு இருக்கிறது!

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வடிவமைப்பு மையம் இதற்கு ஒரு முறை வகுத்துள்ளது. பார்வை, செவி, சிந்தனை, விரல் திறன், எட்டும் திறன், நடமாட்டம் ஆகியவற்றில் ஒரு பொருள் எதை எவ்வளவு கேட்கிறது என்று முதலில் பட்டியல் போட வேண்டும். பிறகு அந்த அளவு திறன் இல்லாதவர் எத்தனை பேர் என்று சர்வேயில் பார்க்க வேண்டும். அவ்ளோதான்!

குழந்தைகள் திறக்காதபடி, அழுத்தித் திருகும் மூடி போட்ட மாத்திரை பாட்டிலை எடுத்துக்கொள்வோம். மூடியில் உள்ள எழுத்தைப் படிக்கப் பார்வை வேண்டும். அழுத்திக்கொண்டே திருகக் கைபலம் வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, 100 பேரில் 6 பேரால் படிக்க முடியவில்லை, 8 பேரால் திருக முடியவில்லை என்று வைப்போம். மொத்தம் 14 தானே? இங்கேதான் மாட்டிக்கிறோம்! இரண்டுமே முடியாதவர் 4 பேர் என்றால், அவர்களை இரண்டு தடவை எண்ணிவிட்டோம். சரியான விடை 6+8−4=10. 'பெரிய எண் 8 போதும்' என்பதும் தப்பு.

சரி, எழுத்தை மட்டும் பெரிதாக்கினால்? 6 பேருக்கும் விடிவு என்று நினைப்போம். உண்மையில் 2 பேருக்குத்தான். மற்ற 4 பேர் திருகும்போது நின்றுவிடுவார்கள். திருகுவதை மட்டும் எளிதாக்கினால் 4 பேர் உள்ளே வருவார்கள். குழந்தைக்கு ஆபத்து வராமல் அதைச் செய்வதுதான் நம்ம வேலை!

ஆகவே, ஒரே ஆளிடம் எல்லாத் திறனையும் கேட்ட சர்வே வேண்டும். பிரிட்டனில் 1996-97ல் 7,000 பேருக்கு மேல் அப்படிக் கேட்டார்கள். கேம்பிரிட்ஜ் கணக்குக்கு அடிப்படை அதுதான். நம் நாட்டின் 2011 சென்சஸ் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளைக் காட்டுகிறது. அதில் குறையின் வகை உண்டு, எந்த அளவு முடியும் என்பது இல்லை. மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கும் நம்ம பாட்டி அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் பாட்டிலைத் திறக்கப் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது!

அடுத்த பிராஜெக்டில், டிராயிங்கின் ஓரத்தில் இந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்களேன்!