முறுகாத பனியன் துணிக்கு எந்த வழி?

துவைத்த பனியனின் பக்கத் தையல் முன்பக்கம் திரும்புவதற்குக் காரணம் ஒன்று. நீளம் குறைவதற்குக் காரணம் வேறு. திருப்பூரில் நிட்டிங், சாயம், காம்பாக்டிங் மூன்றும் பெரும்பாலும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட்டுகளில் நடப்பதால், எதை எங்கே தடுப்பது என்பதை நூல் வாங்கும் முன்பே தீர்மானிப்பது நல்லது.

சுருக்கத்தை முன்கூட்டியே கணக்கிடலாம். மாதிரித் துணியைத் துவைத்து, டம்பிளரில் உலர்த்தி, முழுக்கத் தளரவிட்டபின் சென்டிமீட்டருக்கு 20 கோர்ஸ் (கண்ணி வரிசை) இருக்கிறது என்று கொள்வோம். ஃபினிஷிங் முடிந்த ரோலில் 18.4 மட்டுமே இருந்தால், அந்தத் துணி நீளத்தில் 8 சதவீதம் சுருங்கக் காத்திருக்கிறது. பல பையர்கள் கேட்கும் எல்லை 5 சதவீதம். நீளத்தை ஆவியில் நெருக்கிக் கொடுக்கும் காம்பாக்டர் இதற்குப் போதும். ஆனால் அகலம் கிடைக்க ஸ்டென்டரில் துணியை இழுத்திருந்தால், காம்பாக்டர் நீளத்தைச் சரிசெய்தாலும் அகலம் துவைக்கும்போது சுருங்கும். அகலத்தை எந்திர டயாவிலும் லூப் லெங்திலுமே தீர்மானிப்பதுதான் சரி.

பக்கத் தையலைத் திருப்பும் முறுகல் முக்கியமாக நூலிலிருந்து வருகிறது. சிங்கிள் ஜெர்சியில் நூலின் முறுக்கு அவிழப் பார்ப்பதால் கண்ணிகள் சாய்கின்றன. டபுள் நூலில் இரு இழைகளின் முறுக்கு ஒன்றையொன்று சமன்செய்வதால் முறுகலைத் தடுப்பதில் அதுவே சிறந்தது, விலைதான் தடை. ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் முறுகல் குறைந்தது, மலிவானது. தொட்டால் சற்றுச் சொரசொரப்பு. மென்மை வேண்டிய ஆர்டருக்கு முறுக்கு குறைந்த கோம்ப்ட் ஹொசைரி நூலே நடுவழி. ஆவியில் பதப்படுத்திய கோன் நிட்டிங்கில் சீராக ஓடும்; சாயத்தில் நனைந்ததும் அதன் பலன் பெரிதும் போய்விடும், அதை நம்பக் கூடாது.

ஃபீடர் எண்ணிக்கைக்கும் பங்குண்டு. 90 ஃபீடர் எந்திரம் ஒரு சுற்றுக்கு 90 கோர்ஸ் பின்னும். சென்டிமீட்டருக்கு 20 கோர்ஸ் என்றால் அது 4.5 செ.மீ. ஏற்றம். விரித்த அகலம் 180 செ.மீ. என்றால் சாய்வு 2.5 சதவீதம். 60 ஃபீடரில் இது ஏறத்தாழ 1.7 சதவீதமாகும், உற்பத்தியும் அதற்கேற்பக் குறையும். எந்திரம் சுழலும் திசையைப் பொறுத்து இந்தச் சாய்வு நூல் தரும் சாய்வோடு கூடலாம், கழியலாம். ஆகவே ஃபீடரைக் குறைக்குமுன் திசையைப் பார்ப்பது மேல்.

ஸ்டென்டரில் சாய்ந்த கண்ணி வரிசைகளை நேராக்குவது மிக எளிய வழியாகத் தெரிகிறது. பருத்தியில் அது பெரும்பாலும் முதல் துவைப்புவரைதான் நிற்கும். லைக்ரா, பாலியஸ்டர் கலந்த துணியில் மட்டுமே ஹீட் செட்டிங் நிலைக்கும். ரெசின் பருத்தியைப் பிடித்து நிறுத்தும், ஆனால் வலுவைக் குறைக்கும். டிசைன் இடங்கொடுத்தால் இன்டர்லாக், 1×1 ரிப் ஆகியவற்றுக்கு மாறலாம். இருபுறமும் சமன்பட்ட பின்னல் என்பதால் முறுகல் அநேகமாக இராது. ஜிஎஸ்எம் கூடும் என்பதால் நூல் செலவைக் கணக்கிட்டபின் மாற வேண்டும்.