மேட்டூர் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிப்பு

மேட்டூர் அணை என்றதும் தஞ்சை வயல்களே நம் நினைவுக்கு வரும். அந்நீரில் வலை விரித்துப் பிழைக்கும் பரிசல்காரர்களை நாம் எண்ணுவது குறைவு. 1934-இல் கட்டி முடிந்த இவ்வணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அந்த மட்டம் ஏறுவதும் இறங்குவதுமே மீனவருக்கு நாட்காட்டி.

கோடையில் மட்டம் மிகவும் தாழ்ந்தால், பண்ணவாடி அருகே மூழ்கிக் கிடக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் தலைகாட்டும். (அங்கே செபித்த மக்கள் வீடுவாசல் விட்டுப் போனதை எண்ணினால் நமக்கு மனம் கனக்கிறது.) நீர் சுருங்குவதால் மீன்கள் ஒன்றுகூடும், வலைக்கு எளிதில் அகப்படும்.

ஜூன், ஜூலையில் கர்நாடகத்தில் மழை வலுத்தால் ஒகேனக்கல் வழியாகச் செந்நிறப் புதுவெள்ளம் வரும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் தேங்கிய நீரில் முட்டையிடுவதில்லை. ஓடும் வெள்ளம் வேண்டும். ஆகவே சினைமீன்கள் நீரை எதிர்த்து மேலே ஏறுகின்றன. ஒரு தாய் கட்லா லட்சக்கணக்கில் முட்டையிடும். அந்த வேளையில் அதைப் பிடித்தால் அத்தனையும் போயிற்று! ஆனால் மீனவர் வீட்டிலும் அன்று அடுப்பு எரியவேண்டுமே என்பதையும் நாம் மறக்கலாகாது.

வெள்ளம் பொய்த்தால்? 1957-இல் ஹிராலால் சௌத்ரி என்ற இந்திய விஞ்ஞானி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். இம்முறையால் பண்ணையில் வளர்த்த குஞ்சுகளை அணைகளில் விட முடிகிறது. ஜிலேபி மீனுக்கோ இந்தத் தொல்லையே இல்லை. தேங்கிய நீரிலேயே பெருகும். தாய் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். 1952-இல் இந்தியாவுக்கு வந்த அது, மற்ற மீன்களின் இரைக்கும் போட்டியாகிவிட்டது.

வெள்ளம் அடங்கி நீர் தெளிந்தபின், மாலையில் பரிசலில் சென்று செவுள்வலையை விரித்து விடியலில் எடுப்பார்கள். மீன் செவுளால் சுவாசிக்கிறது என்று அறிவியலில் படித்தோம். அச்செவுளே வலைக் கண்ணியில் மாட்டிக்கொள்கிறது! கண்ணி பெரிதாயிருந்தால் குஞ்சுகள் நழுவித் தப்பும்; சிறிதாயிருந்தால் அடுத்த ஆண்டு மீனையும் சேர்த்தே அள்ளிவிடும். சிறுகண்ணி வலையில் இன்று கூடை நிறையும். பெருங்கண்ணி வலை விரித்தவருக்கோ, சில விடியல்களில் வெறும் பரிசல்தான் கரை சேரும்.