கோபுரம் ஏன் மல்லாந்து விழுகிறது?



தம்பி, சித்திரைத் தேரன்று திருவரங்கத்தில் நீ எடுத்த படங்களை இதழின் நடுப்பக்கங்களில் பார்த்தேன். அச்சான தாளில் லூப் பூதக்கண்ணாடியை வைத்தால் மசிப் புள்ளிகள்தான் தெரியும். தெரிந்தும் வைத்துப் பார்த்தேன், கைப்பழக்கம் விடவில்லை. எழுத உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. படங்கள் மேல் இல்லை. கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்புப் போட்டிருக்கிறாயே, "விலை குறைந்த பழைய பிலிம் கேமராவில் எடுத்தவை, குறைகளைப் பொறுத்துக்கொள்ளவும்" என்று, அதன் மேல்.

யார் உன்னைக் கேட்டார்கள்?

உன்னிடம் இருப்பது கைமாறி வந்த நிக்கான் எஃப்எம்10 என்று உன் மாமா சொன்னார். காலையில் அம்மா மண்டபம் பக்கம் என்னோடு நடக்க வருகிறவர் ஆயிற்றே, எல்லாவற்றையும் சொல்லிவிடுவார். கேமரா உடலுக்குக் கொடுத்ததைவிட 24 மிமீ லென்ஸுக்கு அதிகம் கொடுத்தாய் என்றும் சொன்னார். விவரமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பில்தான் நீ மண்ணைப் போட்டாய்.

பிலிம் கேமராவின் உடலுக்கு என்ன வேலை? உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். பிலிமை மட்டமாகப் பிடிக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குத் திரையைத் திறந்து மூட வேண்டும். வரைவது லென்ஸ், வாங்கிக்கொள்வது பிலிம். டிஜிட்டலில் உடலோடு சென்சாரையும் சேர்த்து வாங்குகிறோம், அங்கே காசு பேசும். இங்கே அப்படி இல்லை. நீ போடுகிற அதே டிரை-எக்ஸ் சுருள்தான் லட்ச ரூபாய்க் கேமராவிலும் ஓடுகிறது. வைட் ஆங்கிள் மாட்டிவிட்டால் மலிவான உடலின் குறைகள் இன்னும் மங்கிப்போகும். கை நடுக்கத்தை 24 மிமீ பெரிதாக்கிக் காட்டாது. மூச்சைப் பிடித்துக்கொண்டால் 1/15 வரை ஸ்டாண்ட் இல்லாமல் எடுக்கலாம். எஃப்8-இல் வைத்து வளையத்தை இரண்டரை மீட்டருக்குத் திருப்பிவிட்டால் நாலடிக்கு அப்பால் எல்லாம் தெளிவு. இதெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தெரிந்தவன் எழுதுகிற குறிப்பா அது?

உன் கேமராவுக்கு ஒரு பங்காளி உண்டு. நெற்றியில் நிக்கான் என்று இருந்தாலும் எஃப்எம்10-ஐச் செய்தது ஜப்பானின் கோசினா கம்பெனி. அதே கோசினா 1999-இல் ஃபோக்ட்லெண்டர் என்ற பழைய ஜெர்மன் பெயரை உரிமத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு பெஸ்ஸா-எல் என்று ஓர் உடலை வெளியிட்டது. ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது. வியூஃபைண்டரே கிடையாது! 15 மிமீ, 25 மிமீ லென்ஸ்களை மாட்டுவதற்கென்றே செய்த மலிவுப் பெட்டி. தூரத்தைக் கண்ணால் அளந்து வளையத்தைத் திருப்ப வேண்டும், மேலே செருகிய குட்டிக் கண்ணாடி வழியே பார்த்து அமுக்க வேண்டும், அவ்வளவுதான். வைட் ஆங்கிள்காரனுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை என்று ஒரு கம்பெனியே முடிவுகட்டி விற்றது. வாங்கினவர்கள் தெருத்தெருவாகச் சுற்றிப் படம் எடுத்தார்கள். யாரும் யாரிடமும் பொறுத்துக்கொள்ளச் சொல்லவில்லை.

நான் முதலில் தோளில் மாட்டியது சோவியத் ஜெனிட்-ஈ. அதன் கனத்துக்கு நாய் துரத்தினால் எறியவும் ஆகும். வியூஃபைண்டரில் படத்தின் மூன்றில் இரண்டு பங்குதான் தெரியும், மிச்சம் மனக்கணக்கு. 37 மிமீ மிர் லென்ஸ், 1958-இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் பரிசு வாங்கிய பெருமையை வளையத்திலேயே வெட்டிவைத்திருப்பார்கள். சாயங்காலம் ஃபோகஸ் பார்க்க அப்பர்ச்சரைத் திறந்துவிட்டு, மறக்காமல் மூடிவிட்டு எடுக்க வேண்டும். பிலிம் ஊட்டி எச்பிஎஃப் தொழிற்சாலையின் 'இந்து', கிடைத்தால் ஓர்வோ. உன் பெட்டி 92 சதவீதம் காட்டுகிறது. அந்த மிச்சம் எட்டு சதவீதத்தில்தான் வேண்டாதது எல்லாம் வந்து உட்காரும். மூன்றாம் படத்தின் வலது மூலையில் பாதித் தண்ணீர் பாட்டில் ஒன்று நிற்கிறதே, அது அப்படி வந்ததுதானே? அதற்கு வேண்டுமானால் மன்னிப்புக் கேள்.

சரி, கோபுரத்துக்கு வருகிறேன். இரண்டாம் படம். இந்த ஒரு விஷயத்தில் எனக்குப் பைத்தியம் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ராஜகோபுரம் உன் படத்தில் மல்லாந்து விழுகிறது. 236 அடி, பதின்மூன்று நிலை. ஒவ்வொரு நிலையும் எவ்வளவு குறுக வேண்டும் என்று ஸ்தபதி கணக்குப் போட்டுக் குறுக்கியிருக்கிறார். நீ கேமராவை அண்ணாந்து பிடித்து அதை இன்னொரு தடவை குறுக்கிவிட்டாய். கலசம் பதின்மூன்றும் சேர்ந்து ஒரு கைப்பிடிக்குள் வந்துவிட்டது. பக்கத்து லாட்ஜ் கட்டடம் ஒரு பக்கம் சாய்கிறது, விளக்குக் கம்பம் மறுபக்கம் சாய்கிறது. வைட் ஆங்கிள் என்றால் அப்படித்தான் என்று உன் வயதுக்காரர்கள் சொல்கிறீர்கள். லென்ஸின் மேல் பழி போடாதே. மட்டமாகப் பிடித்தால் 24 மிமீ ஒரு கோட்டைக்கூடச் சாய்க்காது.

கணக்கையும் சொல்கிறேன். கேமராவை நெடுக்குவாட்டில், மட்டமாகப் பிடித்தால், ராஜகோபுரத்தின் உச்சி சட்டகத்துக்குள் வர 28 மிமீ லென்ஸுக்கு ஏறக்குறைய 110 மீட்டர் தெற்கே தள்ளி நிற்க வேண்டும். உன் 24-க்கு 95 மீட்டர். 20 மிமீ இருந்தால் 78 போதும். நீ எங்கே நின்றாய் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது, முப்பது மீட்டர்கூட இல்லை. பின்னால் நடக்கச் சோம்பல். நடந்தால் படத்தின் கீழ்ப்பாதி முழுக்க ரோடு வந்துவிடுமே என்று பயம்.

வரட்டும். பிடிக்கவில்லை என்றால் பிரிண்ட் போடும்போது கீழ்ப்பாதியை வெட்டிவிடு. 1960-களின் தொடக்கத்தில் நிக்கான் 35 மிமீ கேமராவுக்கென்று லென்ஸையே மேலே நகர்த்துகிற பிசி நிக்கார் கொண்டுவந்ததே, அது செய்ததும் இதே வேலைதான். அதற்குக் காசு வேண்டும், வெட்டுவதற்குக் கத்திரிக்கோல் போதும். கணினியில் நிமிர்த்திக்கொள்ளலாம் என்று நீ சொல்வது காதில் விழுகிறது. என்லார்ஜருக்கு அடியில் தாளைச் சாய்த்து வைத்து நாங்களும் நிமிர்த்தியிருக்கிறோம். நிமிரும். ஆனால் மேலே இழுத்த இடத்தில் கிரெய்ன் பெரிதாகும், பக்கங்கள் தேயும், ஸ்தபதியின் கணக்கு மட்டும் திரும்பி வராது.

நான் தொழில் கற்ற ஸ்டுடியோ பெரிய கடைவீதிப் பக்கம். முதலாளி கட்டடப் படம் எடுக்கப் போனால் பெட்டிக் கேமராவோடு ஒரு கொத்தனார் ரசமட்டமும் போகும். கறுப்புத் துணிக்குள் தலையை விடுவதற்கு முன்னால் கேமராவின் முதுகில் ரசமட்டத்தை வைப்பார். குமிழி நடுவுக்கு வரும்வரை வாயே திறக்கமாட்டார். அப்புறம் லென்ஸ் பலகையை மட்டும் மேலே தள்ளுவார். மங்கல் கண்ணாடியில் தலைகீழாகத் தொங்கும் கோபுரம் சாயாமல் அப்படியே ஏறும். தெப்பக்குளத்து ஓரத்திலிருந்து மலைக்கோட்டையை ஒரு கண்ணாடி வியாபாரிக்காக அப்படி எடுத்துக் கொடுத்தார். உச்சிப்பிள்ளையார் கோயிலிலிருந்து கீழே பஜார் போர்டு வரை ஒரு தூண், ஒரு கதவு சாயவில்லை. அந்த ரசமட்டம் இப்போது என் மேஜையில் இருக்கிறது.

இன்னும் பின்னால் போ. மெட்ராஸ் ராணுவத்துக் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப், அரசாங்கப் படக்காரராக இந்தப் பக்கம் வந்து எடுத்த திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் படங்கள் 1858-இல் தொகுப்புகளாக வெளிவந்தன. மெழுகு ஏற்றிய காகிதம்தான் நெகடிவ். வானம் வெறும் வெள்ளையாக விழும் என்பதால் நெகடிவிலேயே மேகம் தீட்டினார் அந்த மனிதர். (தில்லாலங்கடி வேலை அன்றைக்கே உண்டு.) ஆனால் கோபுரம் நேராக நிற்கும். மேகத்தில் பொய் சொல்லலாம், கல்லில் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுச் சுவரை 21 பிரிண்ட்களாக எடுத்து ஒரே பட்டையாக ஒட்டியவரும் அவர்தான். அதை ஒருமுறை தேடிப் பார்.

கீழ்ப்பாதி ரோட்டைப் பற்றி இன்னும் கொஞ்சம். ராஜகோபுரம் மொட்டைக் கோபுரமாக நின்ற காலத்தைப் பார்த்தவன் நான். நானூறு வருஷமாக அடித்தளத்தோடு நின்றுபோயிருந்தது. அகோபில மடத்து 44-ஆவது ஜீயர் கையில் எடுத்து, 1979-இல் வேலை தொடங்கி, 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு. அந்த வருஷங்களில் நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்த் தெற்கே ஒரே இடத்தில் நின்று, மட்டமாகப் பிடித்து எடுத்துவந்தேன். சாரம் ஏற ஏற கோபுரம் சட்டகத்தில் மேலே ஏறும், கீழே பாதி எப்போதும் ரோடு. நாளிதழ் டெஸ்க்கில் ஒருவர், "ரோட்டை எதுக்கய்யா எடுத்துக்கிட்டு வர்றே?" என்று ஒவ்வொரு தடவையும் அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்து வெட்டுவார். இன்றைக்கு அந்த நெகடிவ்களைக் கேட்டு என் வீட்டுக்கு வருகிறவர்கள் கோபுரத்தைப் பார்ப்பதே இல்லை. கீழ்ப்பாதியைத்தான் பார்க்கிறார்கள். குதிரை வண்டி, கை வைத்த பனியனோடு சோடா விற்பவர், சுவரில் எந்தப் படத்தின் போஸ்டர், எங்கள் தாத்தா கடை தெரிகிறதா என்று. நீ வெட்டினாலும் பிரிண்டில் வெட்டு, நெகடிவில் இருக்கட்டும் என்று அதனால்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. அது தெற்கு பார்த்த கோபுரம். சித்திரைக் கடைசியில் சூரியன் நம் ஊருக்கு வடக்கே போய்விடும். தெற்கு முகத்துக்கு நாள் முழுக்க நேர் வெயில் கிடையாது. பொம்மைகள் எல்லாம் சாம்பலாக விழுந்ததற்கு உன் மீட்டரைத் திட்டாதே. மார்கழி, தை மாதம் போ. வெயில் காலையிலிருந்து சாயங்காலம்வரை முகத்திலேயே அடிக்கும்.

உனக்கு மட்டமாகப் பிடிக்கத் தெரியாது என்றால் நான் இவ்வளவு கத்தமாட்டேன். தேர்ப் படங்களுக்குக் கடைசியில், சம்பந்தமில்லாமல், மலைக்கோட்டையில் மகேந்திரவர்மன் குடைந்த மேல் குகையின் படம் ஒன்றைச் சேர்த்திருக்கிறாய். பின்னால் நகர இடமில்லாத அறை. கங்காதரர் சடையை ஒரு கையால் தூக்கிக் கங்கையை வாங்குகிற சிற்பம் ஒரு பக்கம், நாலு தூண், வாசலில் வெளிச்சம். தூண் ஒவ்வொன்றும் நட்டுவைத்தது நட்டுவைத்தபடி இருக்கிறது. அங்கே தலைக்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை, அதனால் கை நேராக இருந்தது. கோபுரத்தடியில் உச்சிமேல் ஆசை வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐந்தாம் படத்தைப் பற்றி எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன், இடம் முடிகிற நேரத்தில் வந்து சேர்கிறேன். வடம் பிடிக்கிற அந்தக் கிழவி. உன் லென்ஸிலிருந்து அவள் கை ஒன்றரை அடிகூட இருக்காது. வடத்தின் முறுக்கில் ஒவ்வொரு நாரும் தனியாகத் தெரிகிறது. கட்டைவிரல் நகத்தில் கறை, கண்ணாடி வளையல் ஒன்று விரிசல் விட்டிருக்கிறது. அவளுக்குப் பின்னால் வடம் நூறு கைகளுக்குள் புகுந்து போய், சித்திரை வீதியின் இரண்டு வரிசைத் திண்ணைகளும் மாடிகளும் நேராக நிற்க, வீதி முடிகிற இடத்தில் விரல் உயரத்துக்குத் தேர். அவள் உன்னைப் பார்க்கவில்லை. அவ்வளவு பக்கத்தில் ஓர் ஆள் கேமராவோடு நிற்பதை அவள் பொருட்படுத்தவே இல்லை. 85 மிமீ, 200 மிமீ வைத்துக்கொண்டு மாடியில் உட்கார்ந்திருந்தவர்கள் யாருக்கும் இது கிடைத்திருக்காது. பெரிய லென்ஸும் பெரிய உடலும் கழுத்தில் தொங்கினால் கூட்டம் விலகி வழி விடும். விலகின கூட்டத்தில் இந்தப் படம் இல்லை. உன் சின்னப் பெட்டியை யாரும் மதிக்கவில்லை, அதனால் நீ உள்ளே போனாய். திருவரங்கத்துத் தேரை எத்தனையோ பேர் எடுத்துப் பார்த்திருக்கிறேன், நானும் எடுத்திருக்கிறேன். இதற்கு மேல் ஒரு தேர்ப் படம் நான் பார்க்கவில்லை.

இந்தப் படத்துக்கும் சேர்த்துத்தான் நீ பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய் என்பதை நினைத்தால் மறுபடியும் ஆத்திரம் வருகிறது.

அடுத்த இதழில் அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வரி போடு. ஐந்தாம் படத்தை ஓரம் வெட்டாமல், 12-க்கு 18 அளவில் ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு வா. என்ன விலை என்று நீயே சொல், தருகிறேன். சும்மா கொடுத்தால் வாங்கமாட்டேன்.