நித்தியகல்யாணி

ஏரியூர்ப் பக்கத்து மானாவாரி நிலங்களின் வேலியோரத்தில், எவரும் நீர் ஊற்றாமலே பூத்து நிற்கும் சிறுசெடி ஒன்றுண்டு. இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ ஐந்து இதழ்கள் விரிந்திருக்கும். நாள்தோறும் பூப்பதால் நித்தியகல்யாணி என்றனர். இடுகாட்டில் மிகுதியாய்க் காணப்படுவதால் சுடுகாட்டு மல்லி என்று ஒதுக்கியும் வைத்தனர். ஆடுகளும் இதனை மேய்வதில்லை. இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு.

இதன் இலைக் குடிநீர் நீரிழிவைத் தணிக்கும் என்னும் நம்பிக்கை பல நாடுகளில் உண்டு. அதனை ஆராயும்பொருட்டு, 1952-ஆம் ஆண்டில் ஜமைக்காவிலிருந்து சில இலைகள் கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளுக்கு வந்தன. அவர் அவற்றைத் தம் உடன்பிறந்தாரும் ஆராய்ச்சியாளருமான இராபர்ட்டு நோபிளிடம் ஒப்படைத்தார். இலைச்சாற்றை எலிகளுக்குப் புகட்டினர். குருதியில் சர்க்கரை குறையவில்லை. ஊசி வழியே செலுத்தியபோதோ, எலிகள் சில நாட்களில் நோய்க்கிருமி தாக்கி மாண்டன. முயற்சி வீணாயிற்று என்று இலையை வீசி எறிந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ‘ஏன் மாண்டன?’ என்று அவர்கள் வினவினர். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் எலிகளின் குருதியில் அருகிப் போயிருந்தன. மாணவர்களே, வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகுவதன்றோ குருதிப் புற்றுநோய்? அந்நோய்க்கு இவ்விலை உதவுமோ என்னும் எண்ணம் அங்கே முளைத்தது.

1958-இல் இராபர்ட்டு நோபிளும் சார்லஸ் பீரும் உடன் ஆய்ந்தோரும் வின்பிளாஸ்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்த செய்தியை வெளியிட்டனர். அதே செடியிலிருந்து எலி லில்லி நிறுவனத்தார் பிரித்த வின்கிரிஸ்டின், 1963-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்க்குப் பிற மருந்துகளோடு இன்றும் அது அளிக்கப்படுகிறது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும்.

உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதனுள் நுண்ணிழைகள் தோன்றி மரபுப்பொருளை இருபுறமும் பகிர்ந்து இழுக்கும். இம்மருந்து அவ்விழைகள் அமையாதவாறு தடுக்கும். பிரிய இயலாத அணு மடியும். ஆயினும் நோயணுக்களுட் சில எளிதில் அடங்குவதில்லை. தம் மேலுறையில் ஒருவகைப் புரதத்தை மிகுதியாக அமைத்துக்கொண்டு, ஏற்றத்தால் கிணற்றுநீரை இறைப்பதுபோல, உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துவிடுகின்றன. இப்புரதத்தை 1976-இல் ஜூலியானோ, லிங் என்னும் இருவர் கண்டு விளக்கினர். ஒரு மருந்தை இறைக்கப் பழகிய அணு, அதனோடு தொடர்பில்லாத வேறு மருந்துகளையும் இறைத்துவிடும்; மருத்துவர்க்குப் பெருங்கவலை இதுவே.

நோயணுக்கள் மருந்துக்கு அடங்காமற் போவதற்கு வேறு காரணங்களும் உள. அவற்றையெல்லாம் வெல்லும் பொருளைப் பிற செடிகளிலும் தேடுகின்றனர். சீனத்தில் வளரும் செபலோடாக்சஸ் என்னும் மரவகையிலிருந்து பெற்ற ஒமசெட்டாக்சின், முன்னைய மருந்துகளுக்கு அடங்காத நாட்பட்ட குருதிப் புற்றுநோய் ஒருவகைக்கு 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

எம் தெருவில் முதியவர் ஒருவர் நித்தியகல்யாணி இலையைக் காய்ச்சிக் குடிக்க முற்பட்டார். “வேண்டாம், ஐயா” என்றேன். “மருந்தே இதிலிருந்துதானே எடுக்கிறார்கள்?” என்றார். மெய்தான். ஆனால், நூற்றுக்கு மேற்பட்ட ஆல்கலாய்டுகள் கலந்து கிடக்கும் நச்சிலை இது. பிரித்துத் தூய்மையாக்கிய மருந்தையே, மருத்துவர் குருதியைச் சோதித்து, மில்லிகிராம் கணக்கில் அளந்து ஊசியில் ஏற்றுகின்றனர். கஷாயத்தில் அந்த அளவை எவர் அறிவார்? அந்த எலிகளின் கதையையும் அவருக்குச் சொன்னேன். குவளையை எடுத்துச்சென்று வேலியோரம் கவிழ்த்தார்.