கூட்டலும் கழித்தலும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

முதல் வகுப்பில் கூட்டல் கணக்கைச் சிரித்த முகத்தோடு போடும் குழந்தை, கழித்தல் என்றதும் முகம் வாடி நிற்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். "மூன்றும் ஐந்தும் எத்தனை?" என்று கேட்டால் "எட்டு" என்று பளிச்சென்று சொல்லும். "எட்டில் மூன்று போனால்?" என்றதும் விரல்களைத் தேடும். இதற்கு அறிவுக் குறைவு காரணமன்று. கூட்டலை ஒரு பாடமாகவும், பல வாரங்களுக்குப் பின் கழித்தலை வேறொரு பாடமாகவும் கற்பிக்கும்போது, இரண்டுக்கும் உள்ள உறவு குழந்தைக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

எண் குடும்பம் என்றால் என்ன?

3, 5, 8 என்ற மூன்று எண்களை எடுத்துக்கொள்வோம். இவற்றிலிருந்து நான்கு கணக்குகள் பிறக்கின்றன.

3 + 5 = 8
5 + 3 = 8
8 – 3 = 5
8 – 5 = 3

இந்த நான்கும் சேர்ந்ததே ஓர் எண் குடும்பம். ஒன்றை அறிந்தால் மற்ற மூன்றும் தாமே வரும். 4 + 4 = 8 போன்ற இரட்டை எண்களின் குடும்பம் மட்டும் சிறியது; அதில் 4 + 4 = 8, 8 – 4 = 4 என்ற இரண்டே கணக்குகள் உண்டு.

இதனால் வரும் இலாபத்தைப் பாருங்கள். பூஜ்யத்தை விட்டுவிட்டு எண்ணினால், பத்துக்குள் அடங்கும் கூட்டல் கணக்குகள் 45, கழித்தல் கணக்குகள் 45, ஆக மொத்தம் 90. இவற்றைத் தனித்தனியே மனப்பாடம் செய்வது பிஞ்சு மனத்துக்குப் பெரும் சுமை. குடும்பங்களாகப் பிரித்தாலோ 25 குடும்பங்களே!

மாண்டிசோரி அம்மையாரின் வழி

இத்தாலி நாட்டில் பிறந்து, மருத்துவம் பயின்று, பின்னர் குழந்தைக் கல்விக்கே தம் வாழ்வை அளித்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், மூன்று ராஜாக்கள் திருநாளன்று, ரோமாபுரியின் ஏழைகள் குடியிருப்பு ஒன்றில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், இரண்டாம் உலகப் போரின் காரணமாக ஐரோப்பா திரும்ப இயலாமல் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை நமக்கு அண்டை மலையாகிய கொடைக்கானலில் அவர் வாழ்ந்தார் என்பது நம் பகுதியினர் பலரும் அறியாத செய்தி.

அவர் வகுத்த சாதனங்களுள் எண் கோல்கள் ஒன்று. மொத்தம் பத்துக் கோல்கள். மிகச் சிறியது 10 சென்டிமீட்டர். மிகப் பெரியது ஒரு மீட்டர். 10 சென்டிமீட்டருக்கு ஒரு முறை சிவப்பும் நீலமும் மாறி மாறித் தீட்டப்பட்டிருக்கும். குழந்தை 9ஆம் கோலின் முனையில் 1ஆம் கோலை வைக்கிறது. 8உடன் 2ஐ, 7உடன் 3ஐ, 6உடன் 4ஐ வைக்கிறது. எல்லாம் பத்தின் நீளமே! பிறகு கோல்களைத் திருப்பி எடுக்கிறது. பத்திலிருந்து 1 போனால் 9, 2 போனால் 8. சேர்த்த கையே பிரிக்கிறது. கூட்டலும் கழித்தலும் ஒரே வேலையின் இரு பக்கங்கள் என்பதைக் குழந்தையின் கைகளே கற்றுவிடுகின்றன.

வீட்டில் எப்படிச் சொல்லித் தருவது?

விலை உயர்ந்த சாதனம் வேண்டியதில்லை. பல்லாங்குழிக்கு வைத்திருக்கும் புளியங்கொட்டை போதும். (ஏலக்காயை எடுத்துவிடாதீர்கள், அது கட்டுப்படியாகாது!)

முதலில் 8 கொட்டைகளைக் குழந்தை எண்ணட்டும். பிறகு அவற்றை இரண்டு கைகளிலும் பிரித்துக்கொண்டு, ஒரு கையைத் திறந்து காட்டி, மறு கையை மூடிக்கொள்ளுங்கள். திறந்த கையில் 5 இருக்கின்றன. மூடிய கையில் எத்தனை? சொன்ன பிறகு கையைத் திறந்து காட்டுங்கள். விளையாட்டுப் போலத் தோன்றினாலும், கழித்தலின் உயிர்நாடி இதுவே. பல நாட்கள் இதை விளையாடிய பின்னரே சிலேட்டுக்கு வரவேண்டும்.

சிலேட்டில் ஒரு வீடு வரைந்து, முகட்டில் 8ஐயும் கீழே இரு அறைகளில் 3, 5 என்பவற்றையும் எழுதுங்கள். அறைகளைச் சேர்த்தால் முகட்டுக்குப் போகலாம். கழித்தல் எப்போதும் முகட்டிலிருந்துதான் தொடங்கும். இதைக் கண்ட குழந்தை 3 – 8 = 5 என்று தலைகீழாக எழுதாது.

வார்த்தைகளில் ஏமாறக் கூடாது

"ஏறினார்கள் என்றால் கூட்டு, இறங்கினார்கள் என்றால் கழி" என்று சிலர் குறுக்கு வழி சொல்லித் தருவதுண்டு. இந்தக் கணக்கைப் பாருங்கள். போடியிலிருந்து 4 பேருடன் ஒரு ஜீப் தோட்டத்துக்குப் புறப்பட்டது. முந்தலில் இன்னும் சிலர் ஏறினார்கள். போடிமெட்டு சேர்ந்தபோது வண்டியில் 9 பேர் இருந்தார்கள். முந்தலில் ஏறியவர்கள் எத்தனை பேர்?

குறுக்கு வழியை நம்பிய குழந்தை 13 என்று எழுதும். எண் குடும்பம் அறிந்த குழந்தையோ, 9 முகட்டு எண், 4 ஓர் அறை, மற்றோர் அறையில் 5 என்று கண்டுகொள்ளும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

குழந்தை விரல் விட்டு எண்ணினால் அதட்டாதீர்கள், அடிக்காதீர்கள். விரல்கள் இறைவன் கொடுத்த முதல் எண் கோல்கள். குடும்பங்கள் மனத்தில் பதிந்ததும் விரல்கள் தாமே ஓய்ந்துவிடும். பயம் பதிந்துவிட்டாலோ, அது பெரிய வகுப்பு வரை கூடவே வரும்.

இது பரீட்சைக்கு மட்டும் உதவும் பாடமன்று. 37 ரூபாய்ச் சாமானுக்கு 50 ரூபாய்த் தாள் கொடுத்தால் கடைக்காரர் கழித்துப் பார்ப்பதில்லை. "முப்பத்தேழு, நாற்பது, ஐம்பது" என்று 3 ரூபாயும் 10 ரூபாயும் எடுத்து வைக்கிறார். ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தாய் ஒருவரின் கூலி 3,000 ரூபாய், வாங்கிய முன்பணம் 1,200 ரூபாய், கைக்கு வந்தது 1,700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,200உம் 1,700உம் சேர்ந்தால் 2,900தானே ஆகிறது என்று அவர் மகள் கூட்டிப் பார்த்துச் சொன்னால், விடுபட்ட 100 ரூபாயைக் கேட்டு வாங்கலாம். கழித்ததைக் கூட்டிச் சரிபார்க்கத் தெரிந்த வீட்டை எளிதில் யாரும் ஏமாற்ற முடியாது.

அன்பு மாணவிகளே! விடியுமுன் அம்மா ஜீப் ஏறிவிடும் வீடுகளில் தம்பி தங்கையருக்கு நீங்களே முதல் ஆசிரியை. வரும் கோடை விடுமுறையில் நாளுக்கு ஒரு குடும்பமாகச் சொல்லிக் கொடுங்கள். இருபத்தைந்து நாட்களில் முடிந்துவிடும். பள்ளி திறக்கும்போது அந்தப் பிஞ்சுகள் கழித்தலைக் கண்டு அஞ்சாமல் வந்து அமரட்டும்.