ஊர்க்காவலும் இளைஞர் நலனும்

ஊர்க்காவல் என்றதும் தடியும் கைவிளக்குமே நம் நினைவுக்கு வரும். இளைஞருக்கு நல்வழி காட்டுவதும் ஊர்க்காவலின் ஒரு பகுதியாகும். அதனைச் செயலில் காட்டியவர் அமெரிக்க நாட்டின் ஜெஃப்ரி கனடா.

1952ஆம் ஆண்டில் பிறந்த இவர், நியூயார்க் நகரின் தென் பிராங்ஸ் பகுதியில், வறுமையிலும் தளராத தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். அங்கே சிறுவர்கள் அச்சத்தினாலேயே சண்டை பயின்றனர். கல்லூரி நாள்களில், விடுமுறைக்கு வீடு திரும்புங்கால் இவர் தற்காப்புக்கெனத் துப்பாக்கி வைத்திருந்தார். முன்பு ஒதுங்கிச் சென்ற இடங்களில் இப்போது துணிந்து நிற்பதை உணர்ந்தார். என்றேனும் ஒருவரைச் சுட நேரும் என அஞ்சி அதனை எறிந்துவிட்டார்.

ஹார்வர்டில் கல்வியியல் பயின்றபின், 1983இல் நியூயார்க்கின் ரீட்லென் என்னும் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து, 1990இல் அதன் தலைவரானார். ஹார்லெம் சிறுவர்க்குத் தற்காப்புக் கலையும் அதனுடன் அடக்கமும் கற்பித்தார். அந்நிறுவனத்தின் முயற்சியால் பள்ளிக் கட்டடம் மாலையிலும் திறந்திருந்தது, தெருவில் நிற்க வேண்டிய பிள்ளைகள் அங்கே படித்தனர், விளையாடினர். 1997இல் 24 தெருக்கட்டங்களில் தொடங்கிய 'ஹார்லெம் சிறுவர் வட்டாரம்' என்னும் திட்டம், பத்தாண்டுகளில் ஏறத்தாழ 100 கட்டங்களுக்கு விரிந்தது. கைக்குழந்தைகளின் பெற்றோருக்கும் அதில் வகுப்புகள் நடத்தப்பட்டன. 2014இல் அவர் தலைமைப் பொறுப்பைப் பிறரிடம் ஒப்படைத்தார்.

பொழுது சாய்ந்தபின் நம் பிள்ளைகள் எங்கே இருக்கின்றனர்? விளக்கெரியும் ஒரு மண்டபமும், அங்கே அவர்களுக்காகக் காத்திருக்கும் பெரியவர் ஒருவரும் போதும், பணி தொடங்கிவிடும். அப்பெரியவர் யார் என்பதை நாமே கூடித் தீர்மானிப்போமாக!